கதையையும் சேர்த்து ஓட்டுங்கள்: மதுரை கேமிங் சென்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் கேமிங் சென்டர் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம்.

கே.கே. நகர், அண்ணா நகர், காளவாசல், ஐயர் பங்களா என்று இப்போது எந்தப் பக்கம் போனாலும் ஒரு கேமிங் சென்டர் போர்டு கண்ணில் படுகிறது. கடையை மூடுங்கள் என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்க அரை லட்சம் ரூபாய் வேண்டும். புது கேம் ஒன்றுக்கு 4,000, 5,000 என்று போகிறது. செல்லூரிலோ வில்லாபுரத்திலோ வாடகை வீட்டில் இருக்கிற குடும்பம் அதை நினைத்தே பார்க்க முடியாது. உங்கள் கடை இல்லையென்றால் அந்த வீட்டுப் பையனுக்கு இந்த விளையாட்டெல்லாம் வெறும் யூடியூப் வீடியோதான். நீங்கள் இருக்கவேண்டும், நாலு காசு பார்த்து நன்றாக இருக்கவேண்டும்.

நான் கேட்க வந்தது அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன்களிலிருந்து எடுத்த கதை கேம்களைப் பற்றி. ரத்தமும் வெட்டும் நிறைந்த அந்த கேம்களைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். ஆடுகிற வயது வந்த பிள்ளைகளுக்குப் போடும்போது கதையையும் சேர்த்து ஓடவிடுங்கள். இப்போது பல கடைகளில் நடப்பது என்னவென்றால், கதையைத் தள்ளிவிட்டு வெட்டை மட்டும் மணிக்கணக்கில் விற்கிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

என் அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டு லீவில் தெருப் பையன்களோடு சேர்ந்து ஒரு சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தான். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. ஒரு நாள் சாயங்காலம் அவனைக் கூட்டிவரப் போனேன். உள்ளே ஏ.சி. குளிர், சுவரோரம் நாலைந்து டி.வி. கடைசி டி.வி.க்கு முன்னால் இவன். திரையில் அட்டாக் ஆன் டைட்டன் 2.

அந்த கேமை நானே வீட்டில் ஆடி முடித்திருக்கிறேன், அதனால் பார்த்தவுடன் எந்த இடம் என்று தெரிந்துவிட்டது. இடுப்பிலிருந்து இரண்டு கொக்கிகள் பாய்ந்து ஒரு ராட்சதன் தோளில் குத்துகின்றன, கேஸ் புகை சீறுகிறது, பையன் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே ஊஞ்சல் மாதிரி ஒரு வீச்சு வீசிப் பிடரிக்குப் பின்னால் போய் நிற்கிறான், இரண்டு கத்தியும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. ரத்தம் திரையில் தெறிக்கிறது. அந்தப் பெரிய உடம்பு சாய்ந்து ஆவியாகப் புகைகிறது. கை நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, என்னைவிட நன்றாக ஆடினான். அடுத்து காட்சி மாறி ஆர்மின் என்கிற சிப்பாய்ப் பையன் முகம் வந்தது. பயத்தில் உறைந்த கண்கள். அப்போது பின்னாலிருந்து கடைத் தம்பி சொன்னார்: “ஸ்கிப் பண்ணுடா, டைம் ஓடுதுல்ல.” இவன் பட்டனை அழுத்தினான். அடுத்த சண்டை வந்துவிட்டது.

வண்டியில் வரும்போது கேட்டேன், “யாருடா அந்தப் பையன்?”

“தெரியாது மாமா.”

“நீ யாரு அதுல?”

“தெரியல. பிடரில வெட்டுனாத்தான் சாகும் மாமா, வேற எங்க வெட்டுனாலும் மறுபடி முளைச்சிரும்.”

அந்த ரத்தத்தைவிட அவன் சொன்ன ‘தெரியாது’தான் என்னை உறுத்தியது. ஏனென்றால் அவன் தள்ளிவிட்ட இடத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆர்மின் ஒரு ராட்சதன் வாய்க்குள் சறுக்கிக்கொண்டு போகிறான். காலை இழந்து கூரையில் கிடந்த கதாநாயகன் எரென் எழுந்து அந்த வாய்க்குள்ளேயே பாய்கிறான். கூட்டாளியின் கையைப் பிடித்து வெளியே வீசுகிறான். கடலைப் பார்க்கப் போகலாம் என்று சின்ன வயதில் பேசிக்கொண்டது அவன் ஞாபகத்துக்கு வருகிறது. வாய் மூடிக்கொள்கிறது. நண்பனுக்காகத் தன்னைக் கொடுத்த ஒருவனின் கதையைத்தான் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கத்தி வீசிச் சம்பாதித்திருந்தான் என் மருமகன். கூலி வாங்கவேண்டிய நேரத்தில் ஸ்கிப்.

உங்களில் பாதிப்பேருக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹஜிமே இசயாமா என்கிற ஜப்பானியர் 2009-இல் மங்கா என்கிற படக்கதையாக வரையத் தொடங்கி 2021-இல் முடித்தார். 2013-இல் அனிமேவாக வந்தது. மனிதர்களைத் தின்னும் ராட்சதர்களுக்குப் பயந்து மிச்சமிருக்கிற மக்கள் மூன்று சுற்றுச் சுவர்களுக்குள் வாழ்கிறார்கள். ஒவ்வொரு சுவரும் 50 மீட்டர். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய அந்த உயரம்தான். அவ்வளவு உயரத்துக்கு ஊரைச் சுற்றிச் சுவர் இருந்து, ஒரு நாள் அதற்கு மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் கதை தொடங்குகிறது. சுவர் உடைகிறது. எரென் வீட்டுக்கு ஓடிவருகிறான். இடிந்த வீட்டின் உத்தரத்துக்கு அடியில் அம்மா. காப்பாற்ற வந்த ஹான்னஸ் என்கிற காவல்காரர் ராட்சதனை எதிர்த்துப் போகிறார், அதன் முகத்தைப் பார்த்ததும் கை நடுங்கித் திரும்பிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார். அம்மா முதலில் ஓடு ஓடு என்று கத்துகிறாள். அவர்கள் தூரமாகப் போனபிறகு, யாருக்கும் கேட்காத குரலில், போகாதீர்கள் என்று சொல்லி வாயைப் பொத்திக்கொள்கிறாள். அதைப் பார்த்தபிறகு கத்தி எடுக்கிற கை வேறு, பார்க்காமல் எடுக்கிற கை வேறு.

கதையின் ஒரு முடிச்சை இங்கே அவிழ்த்துத்தான் ஆகவேண்டும், பார்க்காதவர்கள் மன்னிக்கவும். கானி என்று ஒரு சிப்பாய். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிற பையன். ராட்சதர்கள் புகுந்துவிட்டார்கள் என்று கேட்டுத் தன் கிராமத்துக்குக் குதிரையில் போகிறான். வீடெல்லாம் உடைந்து கிடக்கிறது, ஆனால் ஒரு பிணம்கூட இல்லை. அவன் வீட்டின் மேல் ஒரு ராட்சதப் பெண் மல்லாந்து கிடக்கிறாள். கை கால்கள் சூம்பி, நடக்க முடியாத உடம்பு. அவன் திரும்பும்போது அது வாய் திறந்து, வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் தாய் சொல்வதைச் சொல்கிறது. அந்த ராட்சதர்கள் யார் என்று அங்கேதான் பொறி தட்டும். அதுவரை வெட்டிச் சாய்த்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். எனக்கு வந்தது. அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்தக் கனம் வரட்டும், வரவேண்டும். கதையைத் தள்ளிவிட்டவனுக்கு அது எந்த வயதிலும் வராது. அவன் கையில் மிஞ்சுவது பிடரியில் எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்கிற தகவல் மட்டும்.

கேமைச் செய்தவர்களும் இதை அறியாதவர்கள் இல்லை. 2018-இல் வந்த இந்த இரண்டாம் பாகத்தை ஒமேகா ஃபோர்ஸ் செய்தது, கோயி டெக்மோ வெளியிட்டது. அதில் ஆடுகிறவன் எரெனாகத் தொடங்குவதில்லை. தானே ஒரு சிப்பாயை உருவாக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் சேர்கிறான். சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் ஊருக்குள் நடக்கலாம், கூட இருப்பவர்களிடம் பேசலாம், பழகப் பழக நட்பு கூடும், அந்த நட்பிலிருந்துதான் புதுத் திறமைகள் கிடைக்கும். நேற்றுப் பேசிச் சிரித்தவன் இன்று ராட்சதன் கைக்குள் கிடக்கும்போது நம் மனம் பதறவேண்டும் என்பதற்காகவே அந்தப் பேச்சையெல்லாம் வைத்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் காசு கட்டி ஆடுகிற பையன் பேச்சில் எங்கே நிற்பான்? குரல் ஜப்பானிய மொழியில், கீழே ஓடுகிற எழுத்து ஆங்கிலத்தில். அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் காசு ஓடுகிறது. அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? மீட்டர் போட்டது நாம்.

டீமன் ஸ்லேயர் என்கிற இன்னொரு அனிமேவின் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஹினோகாமி க்ரானிகிள்ஸ் என்ற பெயரில் 2021-இல் சைபர்கனெக்ட்2 செய்தது. இந்த அனிமேவின் படம் ஒன்று 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலிலேயே தியேட்டருக்கு வந்ததால் இப்போது கதாநாயகன் தஞ்சிரோ பெயர் தெரியாத பிள்ளை இல்லை. கேமில் மேளம் கட்டிய அரக்கன் ஒருவனோடு சண்டை வரும். உடம்பில் பதித்த மேளத்தை அவன் தட்டத் தட்ட அறையே புரளும், தரை சுவராகும், சுவர் கூரையாகும். பையன்களுக்கு அவன் ஒரு கஷ்டமான பாஸ், அதாவது பெரிய எதிரி, அவ்வளவுதான். கதையில் அவன் ஒரு எழுத்தாளன். அவன் எழுதிய தாள்களை ஒருத்தன் குப்பை என்று சொல்லி மிதித்திருக்கிறான். சண்டையின் நடுவில், அறை புரள்கிற வேகத்தில், தரையில் சிதறிக் கிடக்கிற அந்தத் தாள்களை மிதிக்காமல் தஞ்சிரோ கால் மாற்றி வைக்கிறான். தலை அறுபட்டுச் சாகும்போது அந்த அரக்கன் கண்ணில் நீர். கொன்றவன்தான் அவன் எழுத்தை மதித்த ஒருவன்.

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிள்ளைகள் நம் பிள்ளைகள். இந்தக் காட்சியை அவர்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை, ஓடவிட்டால் போதும்.

நம் ஊரில் வெட்டுக்குத்துக் கதைக்குப் பஞ்சமா? ஊரை அழிக்க ஏவிவிட்ட யானை கல்லாகிக் கிடக்கிறது என்று சொல்லி யானைமலையைக் காட்டி வளர்த்த ஊர் இது. என் அப்பத்தா மதுரை வீரன் கதை சொல்லும்போது மாறுகால் மாறுகை வாங்குகிற இடத்தை ஒளித்ததே இல்லை. ஆனால் அங்கே வந்து நிறுத்தியதும் இல்லை. காட்டில் கண்டெடுத்து வளர்த்தவர்களில் தொடங்கி, பொம்மி, வெள்ளையம்மாள், திருமலை நாயக்கர், பொய்யாய் வந்த பழி என்று வந்து, வெட்டு விழுந்தபிறகு அந்த இரண்டு பெண்கள் அழுத அழுகையைச் சொல்வார். அதுதான் நீளமாக இருக்கும். கடைசியில் அவன் சாமியாகிக் கோயிலின் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் காவல் நிற்பதில் வந்துதான் முடிப்பார். அந்த வெட்டை மட்டும் தனியாக எடுத்து ஒரு பிள்ளையிடம் யாராவது சொல்லியிருந்தால் அப்பத்தா விளக்குமாற்றை எடுத்திருப்பார்.

சரி, வயது விஷயத்துக்கு வருகிறேன். சினிமாவுக்கு நமக்குத் தணிக்கை வாரியம் இருக்கிறது. 2024-இலிருந்து யு/ஏ சான்றிதழையே 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துத் தருகிறார்கள். வீடியோ கேமுக்கு அப்படி ஒரு வாரியம் நம் நாட்டில் இல்லை. அமெரிக்காவில் 1994-இலிருந்து ஈ.எஸ்.ஆர்.பி. என்கிற அமைப்பு வயதுக் குறி தருகிறது. அட்டாக் ஆன் டைட்டன் 2-க்கு அவர்கள் கொடுத்தது எம், அதாவது 17 வயதுக்கு மேல். காரணமாக ரத்தம், சிதைவு, வன்முறை என்று வெளிப்படையாகவே போட்டிருக்கிறார்கள். டீமன் ஸ்லேயர் கேமுக்கு டி, 13 வயதுக்கு மேல். இரண்டும் அனிமே, இரண்டிலும் கத்தி, ஆனால் ஒன்றல்ல. பெற்றோருக்கு இது தெரிய வழியே இல்லை. பொம்மைப் படம் மாதிரி இருக்கிறதே, பிள்ளை ஆடட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறார்கள். என் அக்காவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள், காசு வாங்கி கேமைப் போட்டுக்கொடுக்கிற நீங்கள்தான்.

வீடியோ கேம் ஆடினால் பிள்ளை கத்தி தூக்குவான் என்றெல்லாம் நான் சொல்லவில்லை, நம்பவும் இல்லை. பதினோரு வயதுப் பிள்ளை ஒரு தாயை ராட்சதன் கடித்துத் தின்பதைப் பார்க்கவேண்டாம் என்கிறேன். பதினோரு வயதில் பயம்தான் வரும். அதன் பின்னால் இருக்கிற துக்கம் பிடிபடாது. அந்தக் கதை அவனுக்காகக் காத்திருக்கட்டுமே. ஆறேழு வருடத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். வயது கேட்டால் பையன் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவான். வாடகை, ஈ.பி. பில், கன்ட்ரோலர் ஒன்று போனால் ஐந்தாயிரம், இதில் கதை கேட்க யாருக்கு நேரம் என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் ஒரு கடைக்குத் தனியாகப் போய்ச் சொல்லாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஏரியாவுக்குள் நாலு கடைக்காரர்கள் உட்கார்ந்து பேசி, எம் குறி போட்ட கேமைப் பள்ளிப் பையன்களுக்குப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக் கடை என்ற பேச்சே வராது. சின்னப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் இருக்கிறது, கார் ரேஸ் இருக்கிறது, அவர்கள் அதில் ஒன்றும் குறைந்துபோகமாட்டார்கள்.

கதை கேமுக்கு மணிக்கணக்கு பொருந்தாது. டீமன் ஸ்லேயர் கதை முடிய 7, 8 மணி நேரம், டைட்டன் 2 முடிய 15, 20 மணி நேரம் ஆகும். மொத்தமாக ஒரு கதைக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிவிடுங்கள். காலைவேளையில் எப்படியும் சீட்டு காலியாகத்தானே கிடக்கிறது, அந்த நேரத்தைக் கொடுங்கள். ஒவ்வொரு பையன் பெயரிலும் பிளேஸ்டேஷன் பெட்டியில் தனி யூசர் திறந்து வைக்கலாம், அதற்குச் செலவே கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தெரிந்தால் அவன் மறுபடி உங்கள் கடைக்குத்தான் வருவான். இப்போது என்ன நடக்கிறது? நேற்று ஒருத்தன் பாதியில் சேமித்து வைத்துவிட்டுப் போன ஆட்டத்தை இன்று வேறொருத்தன் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறான். ஒரு பிள்ளைக்கும் முடிவு தெரிவதில்லை.

அப்புறம், உங்கள் கடையில் உட்கார்ந்திருக்கிற தம்பிகள். பெரும்பாலும் காலேஜ் முடித்த பையன்கள். இந்த அனிமே ஒன்றுவிடாமல் பார்த்தவர்கள். எரென் யார், அவனோடு வளர்ந்த மிகாசா அந்த சிவப்பு மஃப்ளரை ஏன் கழற்றுவதே இல்லை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். ஸ்கிப் பண்ணுடா என்று சொல்கிற அதே வாயால், “இரு, இந்த இடம் பாரு, இவன் இவனோட கூட்டாளி” என்று இரண்டு வரி தமிழில் சொன்னால் போதும். ஜப்பானியக் குரலும் ஆங்கில எழுத்தும் புரியாத பையனுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. அந்தத் தம்பிக்கும் அது பிடித்த வேலையாகத்தான் இருக்கும்.

ஆன்லைன் ரம்மியால் எத்தனை வீடுகள் அழிந்தன என்று நாம் பார்த்தோம். அதற்குத் தமிழ்நாடு 2022-இல் அவசரச் சட்டம் போட்டது, 2025-இல் மத்திய அரசும் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. உங்கள் தொழில் அது இல்லை. ஆனால் கேம் என்ற சொல்லைக் கேட்டாலே தாய்மார்கள் இன்று அதோடு சேர்த்துத்தான் பயப்படுகிறார்கள். வாசலிலேயே வயது எழுதிப்போட்டு, இந்தப் பிள்ளைக்கு இது வேண்டாம்மா என்று ஒரு கடைக்காரர் தானாகச் சொன்னால், அந்தத் தாய் அடுத்த முறை நம்பி அனுப்புவாள்.

நான் சிம்மக்கல் பக்கம் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிறவன். போர்டை நானே தமிழில் எழுதித் தருகிறேன். உங்கள் கடையில் இருக்கிற கதை கேம்களின் பெயர்களை மட்டும் கொடுங்கள். கேமின் பெயர், எந்த வயதுக்கு மேல், அதில் என்ன இருக்கிறது, கதை முடிய எத்தனை மணி நேரம், இவ்வளவும் ஒரு வரியில் வரும்படி, பத்தாவது படித்த தாய் நின்று வாசிக்கிற எழுத்தளவில் போட்டுத் தருகிறேன். டிசைனுக்குக் காசு வேண்டாம், பிரிண்ட் செலவு மட்டும் உங்களுடையது. முதல் போர்டு தயாராக இருக்கிறது. மேல் வரியில் டைட்டன் 2, 17 வயதுக்கு மேல். அதற்கு அடுத்த வரி டீமன் ஸ்லேயர், 13 வயதுக்கு மேல். கீழே கொட்டை எழுத்தில், ‘இங்கே கதையை ஸ்கிப் செய்யச் சொல்லமாட்டோம்.’ யார் கேட்டாலும் ஃபைலை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு தாய்மாமன்,
சிம்மக்கல், மதுரை.